அரணைக்கு நஞ்சு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கியதும் தோட்டத்துச் சருகைக் கிளறும்போது வெளிப்படும் அரணைகளை, ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற பழமொழியை நம்பி, பார்த்த இடத்திலேயே அடித்துக் கொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் நீடிப்பது மிகுந்த வேதனை தருகிறது. எந்த அரணைக்கும் நஞ்சு கிடையாது. அது மனிதரைக் கடிப்பதே அரிது.

அதிகம் அடிபடுவது, குட்டைக் கால்களும் வழவழப்பான செதில்களும் கொண்ட சிறிய புள்ளி அரணைதான். சருகுக்கடியில் கால்களை உடலோடு ஒட்டி வைத்து நெளிந்து செல்வதால் இதைப் பாம்புக்குட்டி என்று எண்ணிவிடுகிறார்கள். குஞ்சுகளின் வால் செக்கச்செவேலென்று இருப்பது அந்த அச்சத்தைக் கூட்டுகிறது. உண்மையில் அந்த நிறம் அதற்குக் காப்பு. தாக்க வரும் பறவையின் கவனம் தலையை விட்டு வாலுக்குத் திரும்ப, வால் முறிந்து துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அரணை தப்பிவிடும். வால் மீண்டும் வளரும் என்றாலும், அதில் சேமித்திருந்த கொழுப்பு போய்விடுவதால் அது சிறிய இழப்பு அன்று.

அருகில் உற்றுப் பார்த்தால் கீழிமையில் கண்ணாடி போன்ற சிறு வட்டம் தெரியும். கண்ணில் மண் படாமல் இமையை மூடிக்கொண்டே பார்க்க அது உதவுகிறது. எத்தனை நேர்த்தியான அமைப்பு!

கரையான், வண்டு, பூச்சிப்புழு, சிலந்தி ஆகியவற்றைத் தின்று வாழும் இவ்வுயிரைப் பற்றி, தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் தெளிவான படங்களுடன் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்