ஒன்பதாம் நாள் வகுப்பைப் பற்றி: போதை மறுவாழ்வு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுவிலும் மாத்திரையிலும் ஊசியிலும் சிக்கியவர்களை மீட்க மையம் நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். நான் பல்லடம் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். பதினேழு வருஷமாக ரத்தம் எடுப்பது, ட்யூபைச் சுழற்றுவது, எண்ணை எழுதிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. டாக்டர் இல்லை, கவுன்சலரும் இல்லை. ஆனால் உங்களிடம் வரப் போகிறவர்களின் ரத்தம் பல நேரம் முதலில் என் கைக்குத்தான் வருகிறது. என் அண்ணனும் உங்களில் ஒருவரிடம் மூன்று தடவை வந்து போனவர். எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை.

அண்ணன் மோட்டார் காயில் கட்டுகிறவர். கைமெஷினில் கம்பி சுற்றும்போது எத்தனை சுற்று என்று காட்ட ஒரு கவுண்டர் உண்டு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தோட்டத்துக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து போர் தண்ணீர் இறங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவர் பதில் சொல்வார், டீ குடிப்பார், கம்பி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்துவார். சின்ன வயதில் நான் கவுண்டரை எட்டிப் பார்த்துச் சோதிப்பேன், ஒரு சுற்று தப்பாது. குடி முற்றிய பிறகு கவுண்டரையே பார்த்துக்கொண்டு சுற்றியும் எண்ணிக்கை தவறியது. கட்டிக் கொடுத்த மோட்டார் ஒரே வாரத்தில் புகைந்து திரும்பி வந்தது.

முதல் தடவை சேர்த்த ஒன்பதாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசை தூண்டப்படும் ஐந்து சூழல்கள் என்று முந்தைய நாள் பாடம் எடுத்திருக்கிறார்கள். அண்ணனை எழுப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றைச் சொன்னார். அதையே திரும்பவும் சொன்னார். அப்புறம் சும்மா நின்றார். 'மனசு இங்க இல்ல, கடைல இருக்கு' என்றார் வகுப்பு எடுத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு அவருக்குப் பதினோரு மணி டீ கிடையாது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'ஒத்துழைப்பு இல்லை, டினையல்' என்று எழுதியிருந்தது. டினையல் என்றால் தன் குடிநோயை ஒப்புக்கொள்ள மறுப்பது. இரண்டு மாதத்தில் மறுபடி குடித்தார். மறுபடி சேர்த்தோம். அதே தாள், அதே வாசகம்.

மூன்றாவது தடவை சேர்த்த முதல் வாரத்தில் அரசு மருத்துவமனை மனநல டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'கடிகாரம் வரைங்க. மணி பதினொண்ணு பத்து காட்டுங்க' என்றார். அண்ணன் வட்டம் போட்டார், எண்களையும் போட்டார். பிறகு ஒரு முள்ளை 11-இலும் இன்னொன்றை 10-இலும் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வார்த்தை சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டார் டாக்டர். வந்தது ஒன்று. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93-க்கு அப்புறம் நகரவில்லை. சுற்றுக்கணக்கை மனசிலேயே வைத்திருந்த மனுஷன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அந்த ஒன்பதாம் நாள் டீதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரம் அவர் ரத்தத்தை நானே எடுத்தேன். சீரம் மஞ்சளித்திருந்தது. குடியில் ஏறும் ஈரல் என்சைம் ஜிஜிடி ஏறியிருந்தது, எதிர்பார்த்ததுதான். சிஆர்பி எங்கள் லேபில் 6-க்குள் இருக்க வேண்டும், அவருக்கு 19. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, உடம்பில் புண் இல்லை. சிஆர்பி என்பது உடம்பில் எங்கோ அழற்சி, அதாவது நோய் எதிர்ப்பு கிளர்ந்து எழுந்த நிலை, இருக்கிறது என்று ஈரல் அடிக்கும் மணி. எங்கே என்று அது சொல்லாது, மூளைக்குள் நடப்பதை நேராகக் காட்டவும் செய்யாது. ஆனாலும் அந்த எண் என்னைப் படிக்க வைத்தது.

புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர்ந்து குடித்தால் குடலின் உள்சுவர் தளர்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் அதன் வழியே ரத்தத்துக்குள் கசிகின்றன. ஈரலும் நோய் எதிர்ப்புச் செல்களும் சைட்டோகைன் என்ற எச்சரிக்கைப் பொருள்களைச் சுரக்கின்றன. அந்தச் சேதி மூளைக்கும் போகிறது. அங்கே மைக்ரோக்ளியா என்று காவல் செல்கள் இருக்கின்றன. அவை உஷாராகி, தாங்களும் அழற்சிப் பொருள்களைக் கக்கத் தொடங்குகின்றன. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ், யோசித்து நிறுத்திக்கொள்ள உதவும் நெற்றிப்பக்க மூளை, இரண்டும் இதில் அடிபடுகின்றன. கொஞ்ச நாள் குடியை நிறுத்தியவுடன் இதெல்லாம் அடங்கிவிடுவதில்லை. பெல்ஜியத்தில் குடிநோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. மூன்று வாரம் குடிக்காமல் இருந்த பிறகும், குடல் கசிவு கூடுதலாக இருந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குடி ஆசையும் கூடுதலாகவே இருந்தன.

மெத், அதாவது மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள் விஷயம் இன்னும் மோசம். ஜப்பானில் 2008-இல், முன்பு மெத் எடுத்தவர்களின் மூளையை, உள்ளே செல்கள் செயல்படுவதைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். விட்டுப் பல மாதங்கள் ஆனவர்களிடமும் மைக்ரோக்ளியா கிளர்ச்சி தெரிந்தது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களின் கதை வேறு. மாத்திரையோடு சேர்ந்த மாவும் அழுக்கும் ரத்தத்துக்குள் போகின்றன. பகிர்ந்த ஊசியில் ஹெபடைடிஸ் சி வருகிறது. அந்த வைரஸ் ஈரல் கெடுவதற்கு முன்பே கவனத்தை மந்தமாக்கிவிடலாம்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் நம் புத்தி எப்படி இருக்கும்? கேஸ் புக் பண்ணிய ஓடிபி நாலு எண்கூட நிற்காது. யார் பேசினாலும் எரிச்சல் வரும். அந்த நிலையில் இருப்பவனை எழுப்பி நேற்றைய பாடத்தை ஒப்பிக்கச் சொல்வோமா?

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் அழற்சி மேல் போட முடியாது. சாப்பாடு இல்லாமல் குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின் தீர்ந்துபோகிறது, அது தனியாக நினைவை அழிக்கும். தலையில் பட்ட அடி, தூக்கமின்மை, பீடி, ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு எல்லாம் கூடவே இருக்கும். அழற்சியைக் குறைத்தால் போதை விட்டுவிடுமா என்று பார்த்த மருந்துச் சோதனைகளும் இதுவரை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஐபுடிலாஸ்ட் என்ற மருந்தை மெத் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களை விட வைக்க அதனால் முடியவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் 'மூளை டீடாக்ஸ்' டானிக் விற்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஏற்கெனவே நிறையப் பேர் விற்கிறார்கள்.

'இப்படியெல்லாம் சொன்னால் குடிகாரனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். என் அண்ணனுக்குச் சாக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நீங்கள் புதிதாக ஒன்று கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது, தனக்கு ஏன் பாடம் ஏறவில்லை என்ற விளக்கம். தான் மக்கு, தான் தேறாத கேஸ் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தேறாத கேஸ் குடிக்காமல் இருந்து என்ன ஆகப் போகிறது?

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்?

சேர்க்கும்போதே உங்கள் டாக்டரிடம் பி1 ஊசி பற்றிக் கேளுங்கள். களைப்பாக வந்தவனுக்கு உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகிக் கண் சுழன்று நடை தள்ளாடி நினைவே போய்விடக்கூடும். 1881-இலேயே வெர்னிக்கே விவரித்த நோய் இது. இன்றைக்கும் இதில் ஆள் கெட்டுப்போவது அநியாயம்.

உடம்பு நடுக்கம் அடங்கிய பிறகு அந்தப் பத்து நிமிஷச் சோதனையைச் செய்யுங்கள்: கடிகாரம், ஐந்து வார்த்தை, கழித்தல். அதைத் தமிழில் செய்யலாம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொரு தடவை செய்து, இரண்டு தாளையும் குடும்பத்தின் கையில் கொடுங்கள். 'டினையல்' என்று எழுதும் இடத்தில் இந்த மதிப்பெண் இருக்கட்டும்.

முதல் மூன்று வாரம் வகுப்பைச் சுருக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், கால் மணி நேரம். அதைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொடுங்கள். மறுநாளும் அதையே சொல்லுங்கள். பாதி நாள் தூக்கமும் நடையும் சாப்பாடுமாகவே போகட்டும். அமெரிக்காவில் கோகெயின் சிகிச்சையில் 2006-இல் பார்த்தார்கள், நினைவும் கவனமும் குறைந்தவர்கள்தான் பேச்சு சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். அவர்களுக்குத் தகுந்த மாதிரி பாடத்தை மாற்றலாம். தண்டனை கொடுத்தால் அழற்சி இறங்காது. டீயை நிறுத்துவதும் நிற்க வைப்பதும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வரும் மையத்துக்கு அழகும் அல்ல. குடி, போதையால் வரும் மனப் பாதிப்பையும் அந்தச் சட்டம் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது.

ஊசி போட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயம் வேண்டும். 2018 முதல் தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை, அவ்வளவுதான்.

முப்பது நாள் கணக்கையும் மறுபடி யோசியுங்கள். குடியை விட்டவர்களின் யோசனைத் திறன் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வந்த ஒரு கட்டுரை சொல்வது இது: முதல் ஒரு வருஷம் வரை பல திறன்களில் குறை தெரிகிறது, அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் தேறுகிறது. முப்பதாம் நாள் சான்றிதழ் கொடுத்து அனுப்பும்போது அந்த மூளை பாதி வழிகூட வந்திருக்காது. மாதம் ஒரு போன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடிகாரம் வரையும் தாள், ஒரு வருஷம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. மறுபடி மறுபடி குடித்து, மறுபடி மறுபடி நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் நடுக்கமும் வலிப்பும் கடுமையாகிக்கொண்டே போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரத்தம் எடுக்க ஆள் இல்லை என்று பல்லடம், திருப்பூர் பக்கம் எந்த மையமாவது சொன்னால், ஞாயிறு காலை நான் வருகிறேன். ட்யூபுக்கான காசு மட்டும் போதும்.

அண்ணன் குடிக்காமல் பதினான்கு மாதம் ஆகிறது. கடை திறந்திருக்கிறார். இப்போது கவுண்டரைப் பார்த்துத்தான் சுற்றுகிறார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்தி, எண்ணைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பதில் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்
பல்லடம்