எடைக்குப் போடும் முன் பட்டியல் எடுங்கள், தோழர்களே

இடதுசாரி இளைஞர், மாணவர் அமைப்புகளின் மாநில, மாவட்ட நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

மாவட்ட அலுவலகம் ஒன்று இடம் மாறியபோது பழைய நோட்டீஸ்களும் கூட்ட நடவடிக்கைகளைப் பதிந்த மினிட் புத்தகங்களும் கட்டுக்கட்டாக எடைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. ஒரு ஊரோடு நிற்கிற பழக்கமும் இல்லை இது. கேட்பது ஒன்றுதான்: பட்டியல் எடுக்காமல் ஒரு தாளையும் வெளியே விடாதீர்கள்.

மிஞ்சியவற்றிலும் பெரும்பாடு ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான். நோட்டீஸில் தேதி, கிழமை, மாலை 5 மணி, பேச்சாளர் எல்லாம் இருக்கும், ஆண்டு இருக்காது. அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஆண்டு எதற்கு என்று விட்டிருப்பார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் லூதியானாவில் உருவானது 1980 நவம்பர் 3. அமைப்பு தின நோட்டீஸ் ஒன்றில் ‘நவம்பர் 3, திங்கள்’ என்று மட்டும் இருந்தால் அது 1986ஆ, 1997ஆ, 2003ஆ? மூன்றிலும் அன்று திங்கள்தான். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர், அதன் தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தாள் பழுத்தால் முதலில் உதிர்வதும் அந்த ஓரம்தான். கூட்டம் நடத்திய மூத்த தோழர்கள் இருக்கும்போதே காட்டிக் கேளுங்கள். பின்பக்க மூலையில் பென்சிலால் ஆண்டை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

குண்டூசி, ஸ்டேப்பிள் பின்களை எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. பாலிதீன் பையில் ஈரம் தங்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். மினிட் புத்தகத்தைப் பக்கம் விடாமல் 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் எடுங்கள்.

1940களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்தது. அன்று கையில் சிக்கும் ஒரு சீட்டே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும். காகிதத்தை அழித்ததில் நியாயம் இருந்தது. இன்று என்ன நியாயம்? 1918இல் தொடங்கிய சோவியத்தின் இளைஞர் அமைப்பான கொம்சொமோல் 1991இல் கலைந்தே போனது. அதன் மத்திய ஆவணங்கள் மாஸ்கோவில் உள்ள ரஷ்ய அரசு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1936இல் லக்னோவில் பிறந்த அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் உயிரோடு இருக்கிறது. 1959இல் தொடங்கிய அனைத்திந்திய இளைஞர் பெருமன்றமும் இருக்கிறது. அவற்றின் கிளை மினிட் புத்தகங்கள் எங்கே, தோழர்களே? நூற்றாண்டு மலர் போடும்போது எதைப் பார்த்து எழுதுவீர்கள்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாவட்ட மாநாட்டுக்குள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டு பேரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டுகிறோம். ஒருவர் பெட்டியைப் பிரிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். பட்டியல் முடியும்வரை பழைய பேப்பர்காரரை வரச் சொல்லாதீர்கள்.

தோழமையுடன்,
இயக்க ஆவணங்களைத் தேடித் தொகுப்போர்