அம்மாவின் ஜெபத்தில் வராத பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15 வருடக் குடிக்குப் பிறகு என் அண்ணன் தற்கொலை செய்துகொண்டான். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், நல்ல மனிதர்தான், "இப்படிச் செத்தவங்களுக்குக் கடவுள்கிட்ட இடமில்லை" என்று அம்மா காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லவே அம்மாவுக்குப் பயம்.

நான் தேடிப் படித்தேன். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மனநலக் குலைவும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், தற்கொலை செய்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்கிறது. வாசித்துக் காட்டினேன், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு ஜெபத்தில் அவன் பெயர் வந்தது.

என் பாரம் வேறு. குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது, மது மனச்சோர்வைக் கூட்டும், நிதானத்தைக் குறைக்கும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் துணை வேண்டும், இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. நாங்களோ "மனசு வெச்சா விட்டுடலாம்" என்றே திட்டினோம். ஒருநாள் கோபத்தில், எங்களுக்கு நிம்மதி கொடு என்று கடவுளிடம் கேட்டேன். அவன் போன அன்று கொஞ்சம் நிம்மதியும் வந்தது சார், அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சரி, அது எனக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு.

உங்களிடம் ஒன்றே ஒன்று: "குடிபோதையில் தற்கொலை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், கீழே ஓர் உதவி எண்ணையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை