தெருக் குடியிருப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாக்கடை, தெருவிளக்கு, ஒகேனக்கல் தண்ணீர் பற்றி மாதாமாதம் பேசியாகிவிட்டது. நகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் தின்றது வாக்காளர் பட்டியல் வேலைதான். கணக்கு ஆண்டு மார்ச்சோடு முடிந்தாலும் 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு வரை சேர்த்தே எழுதியிருக்கிறேன். பாதியில் நிறுத்தினால் விஷயம் பிடிபடாது.

2023 அக்டோபர் 27-ல் வரைவுப் பட்டியல் வந்தது. நவம்பர் சிறப்பு முகாம்களின்போது பள்ளிக்கூட வராண்டாவில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சு போட்டு நாமும் உட்கார்ந்தோம். வந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்டதான் கார்டு இருக்குதே சார், அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?" வாக்காளர் கார்டு பீரோவில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் அந்தக் கார்டை வைத்து ஓட்டுப் போட முடியாது. இதைச் சொல்லிச் சொல்லியே நம் பொருளாளருக்குத் தொண்டை கட்டியது.

படிவங்களிலும் குழப்பம். புதிதாகச் சேர 6. பெயர் நீக்க 7. வீடு மாறினாலும், பெயரில் பிழை இருந்தாலும், கார்டு தொலைந்தாலும் 8. விவரம் தெரிந்த பெரியவர்களே "8ஏ எங்கே?" என்றார்கள், 2022 ஆகஸ்டிலேயே அது 8-க்குள் அடங்கிவிட்டது. பாலக்கோட்டிலிருந்து மருமகளாக வந்த பெண்ணுக்கு மாமியார் மறுபடி 6 நிரப்பிக் கொண்டுவந்தார். அப்படியே கொடுத்திருந்தால் இரண்டு ஊரிலும் பெயர் விழுந்திருக்கும். 8 வாங்கி எழுதிக் கொடுத்தோம்.

நம் தருமபுரிப் பக்கத்துக்கென்றே உள்ள தலைவலி பெங்களூரு. பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள்; வாடகை வீட்டு முகவரியில் ஒரு ஓட்டு, அப்பா வீட்டில் ஒரு ஓட்டு. இங்கே ஏப்ரல் 19, அங்கே ஏப்ரல் 26. "ஒரு வாரத்துல மை அழிஞ்சிரும்ணா" என்று டீக்கடையில் சிரித்தவர்கள் நம் தெருக்காரர்களே. மை அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது இருக்கட்டும், இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதே சட்டப்படி கூடாது. படிவத்தில் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

தேர்தல் தேதியை மார்ச் 16, சனிக்கிழமை அறிவித்தார்கள். இந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கக் கடைசி நாள் மறுநாளே, 17. அன்று இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் நவம்பரில் முகாமைத் தாண்டிக் காய்கறி வாங்கப் போனவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிறைகிறவர்கள் அந்தந்தத் தேதிக்குத் தகுதி பெறுகிறார்கள். 17 வயது முடிந்ததும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

85 வயது கடந்தவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலேயே தபால் ஓட்டு. ஓர் ஆயா படிவம் கொடுத்து, அதிகாரிகள் வந்து ஓட்டும் வாங்கிப் போனார்கள். பிறகு 19-ம் தேதி காலையில் புதுப்புடவை கட்டி நிற்கிறார்: "ஊரே போவுது, நான் மட்டும் திண்ணையில குந்திக்கணுமா?" 12டி கொடுத்தபின் பூத்துக்குப் போக முடியாது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லாதது நம் தவறு.

அன்றைய பெரிய வில்லங்கம் ரேஷன் கார்டு. ஸ்மார்ட் கார்டு என்று பேர் இருப்பதால் அதையே தூக்கிக்கொண்டு வந்தார்கள், அது செல்லாது. பூத் சிலிப் மட்டும் காட்டினாலும் செல்லாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் போன்றவை போதும். ஓர் அம்மா வெயிலில் திரும்பிப் போய் மகளிர் குழு பாஸ்புக்கை எடுத்துவந்தார். அதில் அவர் போட்டோவே இல்லை. மூன்றாம் நடைக்கு ஆதார் வந்தது. செல்போனையும் உள்ளே விடவில்லை. பாதிப்பேர் நம் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள். எது யாருடையது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாக்கு இயந்திரத்தில் நீல பொத்தானை அமுக்கியதும் உடனே நகராதீர்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டும் துண்டுச்சீட்டு 7 விநாடி தெரியும், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் சண்டை போட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு (இப்படிப்பட்டவர்களுக்கான சீட்டு ஓட்டு) கேளுங்கள், நீங்கள் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

தருமபுரித் தொகுதியில் பதிவானது 81 சதவீதத்துக்கு மேல், தமிழ்நாட்டிலேயே அதிகம். நம் தெருவிலும் குறையில்லை.

செலவு: படிவ நகல், டீ, வாடகைப் பந்தல். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. கோயிலில் இரவல் வாங்கிய பெஞ்சில் ஒரு கால் ஆடுகிறது. தச்சர் கூலியையும் சேர்த்து ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.