தேக்கா காணொளி: சனிக்கிழமைப் படப்பிடிப்பு

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பள்ளிப் போட்டிக்கான காணொளியைச் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தேக்கா ஈரச்சந்தையில் எடுக்கிறோம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 7.45க்குக் கூடுவோம்.

கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். லென்ஸை நன்றாகத் துடைத்துவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நம் சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 சுற்று) என்பதால், சந்தை விளக்கொளியில் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் படம் துடிக்கலாம். 25 இருந்தால் அதையே வையுங்கள்.

ஒலிதான் எனக்குப் பெரிய கவலை. மீன் வெட்டும் சத்தம், காற்றாடி, கூட்டம் எல்லாம் சேர்ந்து பிள்ளைகள் பேசுவதை விழுங்கிவிடும். அதனால் விளக்க உரையை வீட்டில், துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் நின்று பதிவுசெய்யுங்கள், எதிரொலி குறையும். சந்தையில் 30 விநாடி வெறும் இரைச்சலைத் தனியாகப் பிடித்துவந்தால் போதும், பின்னணிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமைச் சிக்கல் வரும்.

கடைக்காரர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். முருங்கைக்காய் விற்கும் ஆன்ட்டியிடம் விலை கேட்பதுபோல் இயல்பாகப் பேச்சைத் தொடங்கினால் அவரும் மனம்விட்டுப் பேசுவார். வசனத்தைப் பெரியவர்கள் எழுதிக்கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பிள்ளைகளின் தமிழ் அங்கங்கே தடுமாறட்டும், அது அவர்களுடைய தமிழ்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஞாயிறு இரவு 9 மணிக்குள் வந்தால் தொகுப்பைத் தொடங்கிவிடலாம்.