நெகட்டிவ் வந்த பிறகு: சிங்கப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நிறுவனம் நடத்துவோருக்கும் மனிதவளப் பிரிவில் பணியாற்றுவோருக்கும் வணக்கம்.

கொவிட்-19 வந்து குணமானவர்கள் என்று நீங்கள் நினைக்கும் ஊழியர்களில் சிலருக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. இதைத்தான் நீண்டகாலக் கொவிட் (லாங் கொவிட்) என்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களைப் போன்றவர்களைச் சில மாதங்கள் பாதி நேரம், முக்கால் நேரம் என்று படிப்படியாக வேலைக்குத் திரும்ப விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2022 தொடக்கத்தில், ஓமிக்ரான் பரவிய நேரத்தில் எனக்குத் தொற்றியது. காய்ச்சலும் தொண்டை வலியும்தான். மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளும் ஏஆர்டி சோதனையில் தொற்று இல்லை என்று ஒற்றைக் கோடு வந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவண வேலை. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் தட்டிவிடுவேன். நோய்க்குப் பிறகு, தாளில் படித்துவிட்டுத் திரைக்குக் கண்ணைத் திருப்புவதற்குள் கடைசி இலக்கங்கள் மறந்துபோயின. எண்ணின்மேல் விரலை வைத்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக அடித்தேன். மதியத்துக்குள் நெஞ்சு படபடக்கும். வீடு திரும்பும்போது எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையில் உட்கார்ந்துவிடுவேன்.

இந்த அசதி உழைத்த அன்றே வருவதில்லை. திங்கட்கிழமை ஓடியாடி வேலை செய்தால் புதன்கிழமைதான் ஆளைச் சாய்க்கும். "முந்தாநாள் நல்லாத்தானே இருந்தீங்க?" என்று அப்போதைய மேலாளர் கேட்டார். நன்றாக இருந்த அந்த நாளுக்கான விலையைத்தான் அன்று கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். காட்டுவதற்குக் கையில் ஒரு தாள்கூட இல்லாத நோயாளியாக இருப்பது எவ்வளவு அவமானம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இத்தனைக்கும் உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே இதற்கு வரையறை தந்துவிட்டது: தொற்றிய மூன்று மாத வாக்கில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அசதி, மூச்சுத்திணறல், சிந்தனைத் தடுமாற்றம் போன்றவை.

வேலை நியமனச் சட்டப்படி, ஆறு மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனை விடுப்பையும் சேர்த்தால் 60 நாள். காய்ச்சலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் நன்றாகவும் மூன்று நாள் அரைகுறையாகவும் இருக்கும் உடம்புக்குப் பொருந்தவில்லை. எம்சி எனும் மருத்துவச் சான்றிதழ் வாங்கினால் நாள் முழுக்க நோயாளி, வாங்காவிட்டால் முழு ஆரோக்கியசாலி. நடுவில் இருப்பவருக்கு இடமே இல்லை.

எனக்காவது குடியுரிமை இருக்கிறது, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் அறை இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகளை எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரலில் பொங்கோல் எஸ்11 விடுதி தனிமைப்படுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி 152,000க்கும் மேற்பட்ட விடுதிவாசிகளுக்கு, அதாவது ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு, தொற்று ஏற்பட்டிருந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள், லேசாக வந்து போய்விட்டது என்று கணக்கை மூடினோம். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, கம்பி கட்டும் வேலை. குனிந்து ஒரு வரிசை கட்டி முடித்ததும் நிமிராமல், கம்பி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் அப்படியே இருந்து மூச்சு வாங்கிக்கொள்வாராம். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது வேலையாகத் தெரியும். "சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்கக்கா, ஏஜென்ட் கடனே இன்னும் அடையல" என்றார் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கும்வரை எந்தத் தம்பியும் தானாக வந்து சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்கவேண்டும், அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். இதைச் சொன்னதற்காக வேலை போகாது என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

நான் புதிதாகச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சோதனைக்காலம் முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தரவேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த நியாயமான காரணம் சொல்லவேண்டும். பிள்ளை வளர்ப்புக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கும் வரும் விண்ணப்பங்களை எவ்வளவு அக்கறையோடு படிக்கிறீர்களோ, அதே அக்கறையோடு எங்களுடையதையும் படியுங்கள். இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். அதற்குள் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

இப்போதைய நிறுவனத்தில் என் மேலாளர் எனக்குக் காலை வேலையை மட்டும் கொடுத்துத் தொடங்கி, நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். எண் சரிபார்க்கும் வேலையை மதியத்துக்கு முன்பே வைத்தார். இதற்காக நிறுவனம் தனியாக எதுவும் செலவழிக்கவில்லை. இன்று நான் முழுநேர ஊழியர்.

அந்தத் தம்பி இன்னும் கம்பிதான் கட்டுகிறார். அவரைப் போன்றவர்கள் உங்கள் கட்டுமானத் தளத்திலும் இருப்பார்கள். அடுத்த வேலைப் பட்டியல் போடுமுன் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஓர் ஊழியர்