ரெய்னி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தேங்கும் கழிவுநீரை அகற்றக் கோரி மனு

அனுப்புநர்: தெருவாசிகள், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பாதாள சாக்கடைக் குழாயை மாற்றித் தரக் கோருதல் – முன்பு கொடுத்த மனுக்களின் தொடர்ச்சி.

வணக்கம். இதே விஷயத்துக்கு முன்பே மனு கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில்தான் இல்லை. தாங்கள் இந்த ஏரியாவை நன்கு அறிந்தவர். எந்தத் தெரு என்று விளக்கத் தேவையில்லை.

1. தெருமுனையில் சாக்கடை மூடி வழியாகக் கழிவுநீர் பொங்குகிறது.

2. நாங்கள் ரெய்னி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி இது. 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து மதராஸ் வந்த டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார், தங்கிய வீட்டிலேயே வைத்தியம் தொடங்கினார். ஆஸ்பத்திரி 1914-ல் திறக்கப்பட்டது. அதற்கும் தன் பெயரை வைக்காமல் கிறிஸ்டினா ரெய்னி என்பவர் பெயர்தான். ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களுக்காக வந்தவர் மக்ஃபெயில் அம்மையார். மனுவில் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். அன்று டாக்டர் இல்லை. இன்று டாக்டர் இருக்கிறார், போக வழி இல்லை, அதற்குத்தான்.

3. போன மழையில் எங்கள் தெருப் பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தது. ஆட்டோக்காரர் முனையிலேயே நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். சக்கரத்தில் பாதி சாக்கடைக்குள். மூடி எங்கே திறந்து கிடக்கிறதோ என்று ஒரு பையன் குச்சியால் தட்டிக்கொண்டே முன்னால் போனான். மாமியார் பிளாஸ்க்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பிள்ளைத்தாய்ச்சியை இப்படியா சார் கொண்டுபோவது? உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் பொறுத்துக்கொள்வீர்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்த வழியாக நடந்து பாருங்கள், போதும்.

4. "லாரி அனுப்பினோம்" என்று மட்டும் பதில் எழுத வேண்டாம். எப்போதாவது லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. மறுநாள் பழைய கதைதான். குழாயை மாற்ற வேண்டும்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். மழைக்கு முன்பாக, தயவுசெய்து, குழாயை மாற்றித் தாருங்கள். இதே தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் மாசமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஐப்பசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள்